குளத்து நீரின் சூடும் குளிரும்: பிள்ளைகளை இறக்குமுன் அறியவேண்டியவை

வன்னியில் குளம் என்பது வயலுக்கு நீர் பாய்ச்சுகின்ற இடம் மட்டுமல்ல. குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் மாடு கழுவுவதும் வலை போடுவதும் அங்கேதான். வெயில் தாழ்ந்த பின்பு பெடியள் கூடுகின்ற இடமும் அதுவே. இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்று எல்லோரும் அறிந்த பெரிய குளங்களோடு, அயலூரார்கூடப் பெயர் அறியாத சிறு குளங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இந்தக் குளங்களோடு பழகிய ஒரு தலைமுறை இருந்தது. எந்த மாதத்தில் எந்தக் கரையில் இறங்கலாம், எங்கே கால் புதையும், எங்கே மடு இருக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் புத்தகம் இல்லாமலே பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். அந்தத் தொடர்பு இடையில் அறுந்துவிட்டது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, அடுத்த ஆண்டில் வன்னிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்குக் கிணறு தெரியும், கடல் தெரியும். குளம் புதிது. பின்னர் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்களே ஊர் ஊராக இடம்பெயர்ந்து, இறுதியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருக்க நேர்ந்தது. பவுசரில் வந்த தண்ணீரை வரிசையில் நின்று வாளியில் பிடித்துக் குளித்த பிள்ளைகளுக்கு யார் நீச்சல் பழக்குவது? அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அன்று பத்து, பன்னிரண்டு வயதாக இருந்த பலர் இன்று தாமே தாய் தந்தையர். தமக்கு யாரும் காட்டிக்கொடுக்காத குளத்தில் தம் பிள்ளைகளை இறக்குகிறார்கள்.

ஊர் திரும்பியவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் அறிந்திருந்த குளம் இப்போது அதே குளமாக இல்லை. கட்டு உயர்த்தப்பட்ட குளங்கள் உண்டு. கட்டுக்கு மண் எடுத்த கிடங்குகள் உண்டு. மணலும் கிரவலும் அள்ளியவர்கள் விட்டுச்சென்ற குழிகள் உண்டு. ஆகவே உள்ளூர்க்காரர், வந்தவர் என்ற வேறுபாடு இல்லாமல், குளத்தை ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக அறிந்துகொள்ள வேண்டியவர்களாக நாம் எல்லோரும் இருக்கிறோம். அதற்கு ஒரு நல்ல வழி, தண்ணீரின் சூட்டையும் குளிரையும் கவனிப்பது. நீரின் வெப்பம் மாறும்போது நீர்மட்டமும் மாறுகிறது. நீர்மட்டத்தோடு ஆபத்தும் இடம் மாறுகிறது.

குளிர் கொல்லுமா?

எமது உடம்பின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். வன்னிக் குளங்களின் நீர் மார்கழி, தை மாதங்களில் 25, 26 பாகை அளவுக்கு இறங்குகிறது. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை 30 பாகை அளவில் நிற்கிறது. ஆழமற்ற கரையோரத்தில் பிற்பகலில் அதையும் தாண்டும்.

கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் உறவினர், ஏரியில் விழுந்தவர் குளிரில் விறைத்து இறந்தார் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்நாடுகளில் 15 பாகைக்குக் குறைந்த நீரில் திடீரென விழுபவருக்கு மூச்சு திணறி இழுபடும். அந்த ஓரிரு நிமிடங்களில் தண்ணீரை உள்ளே இழுத்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தாழ்ந்துபோவார். வன்னியில் அந்தளவு குளிர் நீர் இல்லை. எமது குளங்களில் நீரில் இறங்கியவுடனே குளிர் ஆளைக் கொல்வதில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மருமக்களுக்கு இங்குள்ள நீர் வெந்நீர் போல இருக்கும்; அதனாலேயே அவர்கள் பயமில்லாமல் இறங்கிவிடுவார்கள். தெரியாத நீர் எங்கும் தெரியாத நீரே. 2016 ஓகஸ்ட் 24ஆம் திகதி, நல்ல வெயில் நாளொன்றில், இங்கிலாந்தின் கேம்பர் சான்ட்ஸ் கடற்கரைக்குப் போன இலண்டன் தமிழ் இளைஞர் ஐவர் மாண்டதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். மணல்திட்டுகளும் விரைந்து ஏறும் பெருக்கும் உள்ள கடற்கரை அது.

ஆனால் மெல்ல வரும் குளிரை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. ஒரே அளவு குளிர்ந்த காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். மார்கழிக் காலையில் குளத்து நீர் வெதுவெதுப்பாகத் தோன்றும். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதே காரணம். பிள்ளைகள் அந்தச் சுகத்தில் ஒரு மணி நேரம் கிடந்துவிட்டு, ஈர உடுப்போடு வாடைக்காற்றில் கரையேறுவார்கள். உடம்பு மெலிந்த பிள்ளை, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை, காய்ச்சலிலிருந்து எழும்பிய பிள்ளை ஆகியோருக்கு நடுக்கம் விரைவில் வரும். உதடு நீலம் பூத்து, பல் கிடுகிடுத்தால் உடனே கரையேற்றித் துடைத்து, உலர்ந்த துணியால் போர்த்தவேண்டும். நடுங்கும் பிள்ளையின் கைகால் சொல்வழி கேளாது; அந்த நிலையில் நீந்த விடுவது ஆபத்து.

ஈரமும் காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2022 டிசெம்பரில் எமது பட்டிகளிலேயே கண்டோம். மண்டூஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்துக்கிடந்தன. ஏதோ நோய் வந்துவிட்டதென்று முதலில் பயந்தார்கள். குளிர் தாங்காமலே அவை இறந்தன என்று பின்னர் கால்நடை அதிகாரிகள் கூறினார்கள். அன்றைய வெப்பநிலை ஐரோப்பியப் பனிக்காலத்துக்கு அருகில்கூட வரவில்லை.

மேலே சூடு, கீழே குளிர்

கோடையில் நிலைமை வேறு. வெயில் ஏற ஏறக் குளத்தின் மேல்நீர் சூடாகிறது. சூடான நீர் இலேசானது; ஆகவே அது மேலே தங்கிவிட, கீழே குளிர்ந்த நீர் கிடக்கிறது. இரவில் மேல்நீர் குளிர்ந்து இறங்க, காற்றும் அடிக்க, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பொலன்னறுவைப் பராக்கிரம சமுத்திரத்தை ஒஸ்திரிய ஆய்வாளர்களும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து விரிவாக ஆராய்ந்து 1983 இல் வெளியிட்ட நூலில், உலர்வலயக் குளங்களின் இந்த அன்றாடச் சுழற்சி பதிவாகியுள்ளது. மூழ்கிக் குளிக்கும் எவரும் இதை உடம்பால் அறிவர்.

இதில் எமக்குப் பயன்படும் அடையாளம் ஒன்று உண்டு. பிற்பகலில் இடுப்பளவு நீரில் நடக்கும்போது உடம்பில் வெதுவெதுப்பும் பாதத்தில் திடீர்க் குளிரும் பட்டால், நிலம் சரிகிறது, பக்கத்தில் ஆழம் இருக்கிறது என்று எண்ணி அந்த இடத்திலேயே நின்றுவிடவேண்டும். இது பிழைக்காத அளவுகோல் அல்ல. காலையில் நீர் கலந்திருப்பதால் இந்த அடையாளம் கிடையாது. ஆயினும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இலகுவானது. "கால் குளிர்ந்தால் திரும்பு" என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

நண்பகலில் வயலிலிருந்து வியர்வையோடு வந்து குளத்தில் பாய்வதை வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதிலும் நியாயம் உண்டு. உடம்பு நீரிழந்து களைத்திருக்கிறது. மேல்நீரின் சூட்டை நம்பித் தலைகீழாகப் பாய்பவர் கீழே குளிர்நீரில் மோதும்போது மூச்சு ஒருகணம் பதறும். அதைவிட மோசமானது, நேற்று எட்டடி இருந்த இடத்தில் இன்று நாலடி இருப்பது. பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்தால் ஆயுள் முழுவதும் படுக்கைதான். மரத்திலிருந்தும் கட்டிலிருந்தும் தலைகீழாகப் பாய்வதை எந்தப் பருவத்திலும் அனுமதிக்கக்கூடாது என்பதே எமது கருத்து. நிழலில் பத்து நிமிடம் இருந்து, தண்ணீர் குடித்து, பின்னர் காலால் நடந்து இறங்குவதில் ஒரு குறையும் வந்துவிடாது.

மாதத்துக்கு மாதம்

ஐப்பசியில் முதல் மழை விழுந்து குளத்துக்கு வெள்ளம் வரும்போது நீர் கலங்கிவிடும். கோடையில் கண்ணுக்குத் தெரிந்த கிடங்குகள் அத்தனையும் அந்தச் செந்நீருக்குள் மறையும். நேற்று மாடு மேய்ந்த இடத்தில் இன்று பிள்ளை இறங்கித் தாழலாம். சித்திரையைப் போலவே ஐப்பசி, கார்த்திகைப் பிற்பகல்களிலும் இடிமின்னல் அதிகம். இடி முழங்கக் கேட்டால் நீரைவிட்டு வெளியேறவேண்டும். கரையில் தனித்து நிற்கும் மருதமரத்தின் கீழும் ஒதுங்கக்கூடாது.

கார்த்திகை, மார்கழியில் குளம் நிரம்பும். வான் பாயும் காட்சியைப் பார்க்கக் குடும்பமாகப் போகிறோம், அது இயல்பானதே. ஆனால் வானடியில் குளிப்பது வேறு விடயம். 2018 டிசெம்பர் முற்பகுதியில் புனரமைக்கப்பட்ட இரணைமடுக்குளம் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அதே மாதம் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் குளம் பெருகி, வான் கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியும் முல்லைத்தீவின் பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. விடிவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. முழங்காலளவு ஓடும் நீரே வளர்ந்த ஆளைப் புரட்டிவிடக்கூடியது. மேலே எங்கோ பெய்த மழை, எமது தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும்போதும் வந்து சேரும். கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு வருவதற்கு முன் எவ்வளவு தூரம் ஓடிவருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வெள்ள எச்சரிக்கை பற்றி அறிய அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மாசி, பங்குனி மாதங்கள் ஒப்பீட்டளவில் நல்லவை. வெள்ளம் வரத்து நின்றிருக்கும், நீர் தெளிந்திருக்கும், வெப்பமும் அளவாக இருக்கும். பிள்ளைக்கு நீச்சல் பழக்க நினைப்பவர்கள் இந்த மாதங்களையே தேர்ந்துகொள்ளலாம். ஆயினும் பயிருக்கு நீர் விடும் காலம் எதுவானாலும் துருசடியில் இறங்கவேண்டாம். துருசு திறந்திருக்கும்போது மேலே நீர் அசையாமல் கிடப்பதுபோலத் தோன்றும். கீழே இழுவை இருக்கும். "தம்பி, துருசடிப் பக்கம் போகாதை" என்று அம்மாமார் சொல்வது வெறும் வெருட்டல் அன்று.

குளத்தின் பெயரையும் கவனியுங்கள். இரணைமடு, கல்மடு, விசுவமடு என்பவற்றில் வரும் மடு என்ற சொல்லே ஆழமான நீர்நிலையைக் குறிப்பது. ஆற்றை மறித்துக் கட்டிய குளங்களில் பழைய ஆற்றுப்படுக்கை உள்ளே நீண்டு கிடக்கிறது. இரணைமடுவுக்குள் கனகராயன் ஆறும், முத்தையன்கட்டுக்குள் பேராறும், வவுனிக்குளத்துக்குள் பாலியாறும் அப்படியே. நீர் நிரம்பிய காலத்தில் மேலே ஒரே சமதளமாகத் தெரியும். கோடையில் குளம் வற்றும்போது ஒருநாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுபோய் அந்தத் தாழ்வையும் புதுக் கிடங்குகளையும் நேரில் காட்டிவிடுவது, மாரியில் நூறு தடவை எச்சரிப்பதைவிட நல்லது.

அப்படிப் போகும்போது ஒரு கவனம். வற்றிய குளப்படுக்கையில் துருப்பிடித்த இரும்பு, ஓட்டை உருளை, தெரியாத பொருள் எதைக் கண்டாலும் தொடக்கூடாது, எறியக்கூடாது, பழைய இரும்பென்று பொறுக்கக்கூடாது. இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

ஆடி, ஆவணி, புரட்டாதியில் சோளகக் காற்று பலமாக வீசும். ரயர் ரியூப்பிலும் பிளாஸ்ரிக் கானிலும் மிதக்கும் பிள்ளையைக் காற்று நடுக்குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். ரியூப் நழுவினால் முடிந்தது. ரியூப்பை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றை ஒரு பெரியவர் பிடித்திருக்கவேண்டும். நீர் குறையக் குறைய முதலைகளும் எஞ்சிய மடுக்களில் ஒதுங்கும். பொழுதுபட்ட பின்னும் விடியுமுன்னும் நீரில் இறங்காதிருப்பதும், மீன் கழுவும் இடத்தில் குளிக்காதிருப்பதும் உதவும். தாமரை, ஒல்லிக் கொடிகளுக்குள் சிக்கியவர் உதறினால் கொடி இன்னும் இறுகும். மல்லாந்து மிதந்து, கையால் மெல்ல விலக்கி, வந்த வழியே திரும்பவேண்டும்.

சூடான நீரும் நோயும்

நீர் சூடாகிக் குறுகும் காலத்தில் பச்சைநிறப் பாசி, வர்ணம் கரைத்ததுபோல் மேலே படரும். அதில் குளித்தால் தோல் கடிக்கும். குடித்தால் வயிற்றைப் பிரட்டும். அவ்விடத்தை விட்டு வேறு கரைக்குப் போங்கள். மாட்டையும் அங்கே விடவேண்டாம்.

கேரளத்தில் 2024 ஆம் ஆண்டில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த பிள்ளைகள் சிலர் மூளைக்காய்ச்சலால் இறந்தது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. 2025 இலும் அங்கே பலர் பாதிக்கப்பட்டார்கள். சூடான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா மூக்குவழியாக ஏறி மூளையைத் தாக்கும். அந்த நீரைக் குடிப்பதால் இது வராது. மிக அரிதான நோய். இதற்காகக் குளத்தைக் கண்டு அஞ்சி ஓடவேண்டியதில்லை. ஆனால் கடும் வெயில் நாளில் சேறு கலங்கிய ஆழமற்ற நீரில் தலையை முக்கி விளையாடுவதைத் தவிர்ப்பதும், மூக்கைப் பொத்திக்கொண்டு மூழ்குவதும் எவருக்கும் முடியும். குளித்துச் சில நாட்களுக்குள் கடும் தலையிடியும் காய்ச்சலும் வாந்தியும் வந்தால், குளத்தில் குளித்ததை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

மாரியில் வருவது எலிக்காய்ச்சல். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் இதுவென்று உறுதியானது. வயல்வெள்ளமும் வாய்க்கால்நீரும் கலக்கும் இடத்தில், கால் வெடிப்போ புண்ணோ உள்ளவர் நிற்கக்கூடாது. வயலில் இறங்கவேண்டிய கமக்காரர், தடுப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம்.

பெண்பிள்ளைகளும் நீந்தவேண்டும்

உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். பத்தில் ஒன்பதுக்கும் மேலானவை வறிய, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அந்த வயதுப் பிள்ளை பெரும்பாலும் நீச்சலடிக்கப் போய் இறப்பதில்லை. தாய் சமைக்கும்போது, தகப்பன் வயலில் நிற்கும்போது, வீட்டுக்குப் பக்கத்துக் குளத்துக்கோ கிணற்றுக்கோ தவழ்ந்தும் நடந்தும் போய்விடுகிறது. வங்காளதேசக் கிராமங்களில் காலை நேரத்தில் சிறுபிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டி ஒருவர் பார்த்துக்கொள்ளவும், வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர்க்குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல் பழக்கவும் தொடங்கினார்கள். இறப்புகள் பெருமளவு குறைந்தன. எமது முன்பள்ளிகளும் மாதர் சங்கங்களும் விதைப்பு, அறுவடைக் காலங்களில் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்யமுடியாதா?

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது யாருக்கும் மறக்காது. அடுத்த ஆண்டு ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, பாதிக்கப்பட்ட பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்ததைக் காட்டியது. இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்குகிறார்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. பெண்பிள்ளைகள் குறுக்குக்கட்டோடு துறையில் நின்று குளித்துவிட்டு வருவதே வழக்கம்; நனைந்த துணி காலைச் சுற்றும்போது இரண்டடி சறுக்கினாலும் ஆபத்து. காற்சட்டையும் ரீசேட்டும் அணிந்து, தாய்மார் ஒருவர் இருவர் கூடநின்று, பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கினால் இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? முதலில் பழக்கவேண்டியது வேகமாக நீந்துவதை அல்ல. மல்லாந்து மிதக்கவும், மூச்சை அடக்கவும், பத்துப் பன்னிரண்டு பாகம் நீந்திக் கரை சேரவும் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு ஊரிலும் கமக்காரர் அமைப்பும் இளைஞரும் சேர்ந்து, பருவம் மாறும்போது குளிக்கும் துறையைக் கம்பால் அளந்து, நெஞ்சளவு ஆழத்தில் தடி நாட்டிக் கயிறு கட்டலாம். பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் வெப்பமானி ஒன்று இருக்கும். அதை நூலில் கட்டி, வாரம் ஒருநாள் காலையிலும் பிற்பகலிலும் மேலும் கீழும் அளந்து, நீர்மட்டத்தோடு சேர்த்துத் துறையில் ஒரு பலகையில் எழுதுவது மாணவருக்கு நல்ல செயற்பாடு. ஓராண்டு எழுதினால் அந்தக் குளத்துக்கென்றே ஒரு பஞ்சாங்கம் கிடைத்துவிடும்.

ஒருவர் தாழ்ந்தால்

தாழ்பவர் பெரும்பாலும் கூக்குரலிடுவதில்லை. தலை பின்னால் சாய, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, சத்தமில்லாமல் நிற்பதுபோலவே தெரிவார். காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து இறப்பது எமது குளங்களில் திரும்பத் திரும்ப நடப்பது. ஆகவே முதலில் கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். தடி நீட்டுங்கள், இரண்டு சாரத்தை முடிந்து எறியுங்கள், மூடி இறுக்கிய வெறும் கானை எறியுங்கள். குளிக்கும் துறையில் கயிறு கட்டிய ஒரு கான் எப்போதும் தொங்கட்டும்.

கரைக்கு எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதையும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதையும் இன்றும் காண்கிறோம். அது வீண். வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும், அரிய நிமிடங்களும் போய்விடும். மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள். மூச்சு இல்லையென்றால் நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை ஊதவேண்டும். பின்னர் நெஞ்சின் நடுவே உள்ளங்கையால், வளர்ந்தவருக்கு இரண்டு அங்குலம் தாழும்படி, நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 வேகத்தில் 30 தடவை அழுத்தி, இரண்டு தடவை ஊதி, இதையே உதவி வரும்வரை தொடரவேண்டும். சிறுபிள்ளைக்கு நெஞ்சின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு தாழ அழுத்தினால் போதும். இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சைக் கூப்பிடட்டும். வண்டி வருவதற்கு நேரமெடுக்கும் உட்கிராமங்களில், வாகனத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு அழுத்துவதை நிறுத்தாமல் தொடருங்கள்.

மூச்சு திரும்பியவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, ஈர உடுப்பைக் களைந்து போர்த்துங்கள். எழும்பி இருந்து கதைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். நெஞ்சறைக்குள் போன நீர் சில மணி நேரத்தின் பின்பும் மூச்சைத் திணறச் செய்யலாம் என்பதால், அன்றிரவு அவர் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும்.